மதினி கைக்கு எட்டிய ஹேண்ட்பிரேக்

ஜாக்கி போட்டுக் காரைத் தூக்குகிறவன் முதலில் முன்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். உச்சிப்புளியில் மேய்கிற கோழிக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. போனில் வீடியோ பார்த்து மெக்கானிக் ஆனவன் நான். கியரையும் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினேன். கார் ஜாக்கியை உதறிவிட்டு, சாவகாசமாகப் பின்னால் இறங்கிப் போய்த் துவைகல்லில் முட்டி நின்றது. அதுவரை நான் முன்பம்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். எருமையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவனின் வீரம்.

சத்தம் கேட்டு மதினி வாசலுக்கு வந்தார்.

"என்ன கொழுந்தனாரே, காரு ஒங்களப் பாத்துப் பயந்து ஓடுதா?"

அண்ணன் இறந்த பிறகு மதினி வாயிலிருந்து வந்த முதல் கேலி. அதற்காகவே இன்னொரு தரம் உருட்டிவிடலாமா என்று தோன்றியது. மதினி சுவரோரம் கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து போட்டார்.

"இத வச்சுட்டுத் தூக்குங்க."

அண்ணனுடைய கல் அது. எங்கள் உப்புக்காற்றில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி விட்டால் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் வீட்டில் நிறுத்தும்போது எல்லாரும் சக்கரத்துக்குக் கல்தான் வைப்பார்கள். ஆனால் சாலையைப் போடப் போட அது உயர்ந்து, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. முற்றத்திலிருந்து ஏறி, சாலை விளிம்பில் நின்று, ராமேஸ்வரம் பஸ்களுக்கு வழிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். அங்கே கல் உதவாது. கேபிள் தளர்ந்து போயிருந்ததால் அண்ணன் ஹேண்ட்பிரேக்கைத் தோள் உயரத்துக்கு இழுப்பார். பனை உயர மனிதர், நீளக் கை. மதினிக்கு அவ்வளவு தூரம் இழுக்க வரவில்லை. கார் பின்னாலேயே உருண்டது.

"வித்துருங்க, பஸ்ஸுல போகட்டும்" என்றார்கள் சொந்தத்தில். மதினிக்குப் பாம்பனில் ஐஸ் கம்பெனியில் வேலை.

"பஸ்ஸுல ஏறுனா சீட்டுக்குச் சீட்டு துட்டி கேக்குறாக" என்றார் என்னிடம். "நல்லா இருந்த மனுசன், எப்படிப் போனாருன்னு. தெனம் போகையில ஒரு தடவ, வரையில ஒரு தடவ அவரச் சாகக் குடுக்க முடியல."

அதற்குத்தான் இந்த வேலை.

கல்லை வைத்துக் காரைத் தூக்கினேன். ஹேண்ட்பிரேக்கின் அடியிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றினால், உள்ளே வறுத்த கடலைத் தோல். வண்டி ஓட்டிக்கொண்டே கடலை கொறிப்பது அண்ணன் பழக்கம். ஒரு ஊது ஊதினால் பறந்துவிடும். ஊத வாய் வரவில்லை. விரலால் கூட்டி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடலைத் தோலுக்கு அழுத முதல் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன்.

கேபிளை இறுக்கும் துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஊற வைத்து முடுக்கினேன். முதலில் ஆர்வக்கோளாறில் அதிகமாக முடுக்கிவிட்டேன். ஹேண்ட்பிரேக்கைப் போடாமலே சக்கரம் சுற்ற மறுத்தது. கொஞ்சம் தளர்த்தினேன். விட்டால் சுற்றியது, இழுத்தால் நின்றது. இப்போது கைப்பிடி முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை.

ஜாக்கியை இறக்கினேன். மதினி ஏறி உட்கார்ந்தார். பெடல் எட்டவில்லை. சீட் இன்னும் அண்ணன் காலுக்குத்தான் இருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியைப் பிடித்து முன்னால் இழுத்தார். கரகரவென்று சத்தம் கேட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கார் சரிவில் ஏறியது. கல்லைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நானும் நடந்து ஏறினேன். விளிம்பில் மதினி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஒரு பஸ் போனது. பின்னாலேயே மீன் வண்டி போனது. கார் அசையவில்லை. எனக்குத்தான் கை கடுத்தது.

கைப்பிடி அவ்வளவு தாழ்ந்து கிடந்ததைப் பார்க்க, வேறு யாருடைய காரோ போலிருந்தது. ஜன்னலில் குனிந்தேன்.

"மதினி, அண்ணன் பாத்தா என்னைய வைவாக. பழையபடி கொஞ்சம் தளத்தி விட்டுரவா?"

மதினி சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"வேணாம், எனக்கு எட்டுதுல்ல."