டிரைவர் கசியவிட்ட கடிதம்

மீட்டிங் அறையின் வெள்ளைத் திரையில், எண்களுக்கும் குறிகளுக்கும் நடுவே, நான் அக்காவுக்கு எழுதிய மெயிலின் துண்டுகள் தெரிந்தன. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ‘இந்தத் தடவையாவது தங்கணும்கா’ என்பதில் பாதி ஒரு வரியில், மீதி அடுத்த வரியில்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி. கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் கார்டை இயக்குகிற மென்பொருளை, அதாவது டிரைவரை, எழுதிக்கொண்டிருந்தோம். அதை முதலில் எங்கள் கணினிகளிலேயே போட்டு ஓட்டுவது வழக்கம். அனுப்பும் செய்தி ரொம்பச் சின்னதாக இருந்தால் மிச்ச இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும். எங்கள் டிரைவரோ, கழுவாத டிபன் பாக்ஸில் சோறு கட்டிக் கொடுத்த மாதிரி, முந்தைய செய்தியின் மிச்சத்தையும் சேர்த்து அனுப்பியது. கண்டுபிடித்தவர் எங்கள் டெஸ்டர். பெங்களூர் பிரேசர் டவுன் தமிழர், என்னை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். எல்லோருடைய கணினிகளிலும் சோதித்து, வந்ததை அப்படியே திரையில் போட்டுவிட்டார். அவரே அதுவரை படித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

முந்தைய வருஷம் எனக்குக் கரு கலைந்தபோது ஆபீஸே வந்து துக்கம் விசாரித்தது. நல்ல மனுஷர்கள்தான். ஆனால் காபி மெஷின் பக்கம் போகக்கூடப் பயந்து கிடந்தேன். அதனால் இந்த முறை வீட்டாரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

மேனேஜர் புனேக்காரர். இது வெறும் குப்பை, யாருடைய தகவலும் இதில் இல்லை, இதற்காக ரிலீஸைத் தள்ளிப்போட முடியாது என்றார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் டெஸ்டரும்தான். அவர் திரும்பித் திரையைப் படித்தார். உதடு அசைந்தது. சட்டென்று தரையைப் பார்த்தார். ஒரு வரியை மொழிபெயர்த்துச் சொன்னால் போதும், அவர் பக்கம் ஜெயித்துவிடும். இது ஏதாவது பாஷையா என்று மேனேஜர் கேட்டதற்கு, தனக்கும் புரியவில்லை என்றார். எல்லோர் நேரத்தையும் வீணடித்ததற்கு நல்ல டோஸ் விழுந்தது. வாங்கிக்கொண்டு திரையை அணைத்தார்.

மறுநாள் திரும்ப வந்தார். இந்த முறை தன் கணினியிலிருந்து நண்பருக்கு அனுப்பிய ஆங்கில மெயிலின் மிச்சம். விவேக் நகர்ப் பெண் வீட்டாரும் தன் வழுக்கையைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டதாக எழுதியிருந்தார். மேனேஜரே அதை வாய்விட்டுப் படித்தார், அறையே சிரித்தது. வெறும் மளிகைச் சாமான் பட்டியலைக் காட்டியிருந்தால் மேனேஜர் அசைந்திருக்கமாட்டார் என்று டெஸ்டருக்குத் தெரியும். ரிலீஸ் நின்றது. டிரைவரைத் திருத்தினோம்.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டெஸ்ட் மெஷின்களை இடம் மாற்றும்போது மட்டும் என்னைத் தூக்க விடமாட்டார். லேபிள் ஒட்டும் வேலையைக் கொடுத்துவிடுவார்.

இன்று என் மகள் தன் சாப்பாடு முதல் காய்ச்சல் வரை எல்லாவற்றையும் போனில் ஊருக்கே காட்டுகிறாள். அவளைப் பற்றி வாய் திறக்காமல் திட்டு வாங்கிய ஒருவர் இருந்தார் என்றால் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

அன்று அந்தப் பயந்த மாதங்கள் கடந்தபின், ஸ்வீட் பாக்ஸோடு ஒவ்வொரு சீட்டாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். டெஸ்டர் எழுந்து நின்று, கண்ணை அகல விரித்தார்.

“அப்படியா சிஸ்டர்? எனக்குத் தெரியவே தெரியாதே.”

நடிக்கவே தெரியாத மனுஷன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.