டிரைவிங் வாத்தியாரின் சொற்பட்டியல்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வாத்தியாரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். ஒற்று மிகும் இடம், மிகாத இடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கே எனக்கு 'ஒற்றக்கா' என்றே பெயர். பிறகு ஒரு மருத்துவக் கருவி கம்பெனி நல்ல சம்பளம் தருகிறேன் என்று கூப்பிட்டது, போய்விட்டேன். மூளையோடு இணைக்கும் கருவிகளுக்குச் சந்தை சூடுபிடித்திருந்த நேரம் அது. கை நடுக்கத்துக்கு ஒன்று, வலிப்புக்கு ஒன்று என்று ஆளாளுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். எங்களுடையது பேச்சுப் போனவர்களுக்கானது. மண்டையோட்டுக்கு உள்ளே தபால்தலை அளவில் ஒரு தகடு வைப்பார்கள். நோயாளி பேச முயலும்போது மூளையில் எழுவதைத் தகடு பிடித்து ஒரு பெட்டிக்கு அனுப்பும். பெட்டி தன்னிடம் இருக்கும் பட்டியலில் நெருக்கமான சொல்லைத் தேடிப்பிடித்து உரக்கச் சொல்லும். வேறு மொழிகளில் இது ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. தமிழில் யார் முதலில் பேசவைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் சந்தை என்று எங்கள் மேலாளர் காலில் வெந்நீர் கொட்டியவர் மாதிரி நின்றார். நாலாயிரம் சொற்கள் கொண்ட பட்டியலைச் செம்மைப்படுத்துவது என் வேலை.

பொறியாளர்கள் எங்கிருந்தோ திரட்டிய முதல் பட்டியலில் தண்ணி, இங்க, அப்புறம், வேணாம் என்று கிடந்தது. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. தண்ணீர், இங்கே, பிறகு, வேண்டாம். பத்தே நாளில் நாலாயிரத்தையும் திருத்திப் பெருமையாக ஒப்படைத்தேன். வீட்டில் நானும் 'தண்ணி'தான் கேட்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

அந்தப் பட்டியலோடு பேச வந்த முதல் ஆள் வாத்தியார். முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். மூளைத்தண்டில் வந்த அடைப்பு, ஒரே காலையில் அவருடைய கை, கால், பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அறிவு மட்டும் அப்படியே இருந்தது. கண்ணை உயர்த்தினால் ஆமாம், மூடினால் இல்லை. இரண்டு வருடம் அந்த இரண்டு பதிலை மட்டும் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து, புண் ஆறி, பெட்டியை முதன்முதலில் இயக்கிய நாளில் எல்லோரும் சுற்றி நின்றோம். அவர் மனைவி குனிந்து கேட்டார்.

"எப்படிங்க இருக்கு?"

பெட்டி, செய்தி வாசிப்பவரின் கணீர்க் குரலில் சொன்னது: "போட்டி."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பொறியாளரைப் பார்த்தேன். என்ன போட்டி, யாரோடு போட்டி? அதற்குள் மனைவிக்குக் கண்ணீர் வழிந்துவிட்டது. அதைப் பார்த்து வாத்தியார் வேறு ஏதோ சொல்ல முயன்றார்.

"ஏன் அழகு" என்றது பெட்டி.

மனைவி சிரித்துவிட்டார். அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்புதான், கேலி இல்லை. ஆனால் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து பெட்டியை இயக்கினாலே கண்ணை மூடிவிடுவார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மேலாளர் ஒரு கெடு வைத்தார். மாதக் கடைசியில் முதலீட்டாளர்கள் வருவார்கள். அதற்குள் வாத்தியார் தானாக, யாரும் எழுதிக் காட்டாமல், ஒரு வாக்கியமாவது பேச வேண்டும். இல்லையென்றால் பெட்டி அடுத்த நோயாளிக்குப் போய்விடும். வாத்தியார் மறுபடியும் இரண்டு இமைகளோடு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

எனக்கு மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூல் அலுவலகம். சுவரில் சாலைக்குறிகள் போட்ட பெரிய பலகை இன்னும் தொங்கியது. அதைப் பார்த்த மாதிரி கட்டிலைப் போட்டிருந்தார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு போட்டின்னு சொல்லலம்மா. போடின்னு சொல்லியிருப்பாரு" என்றார்.

"போடியா?"

"ஆமா. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தடவகூட நன்றின்னு சொன்னதில்ல. டீ கொடுத்தா, போடி. பட்டன் தச்சுக் கொடுத்தா, போடி. அதச் சொன்னா மனசு குளுந்திருக்காருன்னு அர்த்தம். அப்புறம் நான் அழுதேன்ல, ஏன் அழறன்னு கேட்டிருப்பாரு."

திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். வாத்தியாரின் கண்கள் மேலே உயர்ந்து நின்றன. ஆமாம்.

மூளையைத் திறந்து, தகடு வைத்து, இரண்டு வருட மௌனத்துக்குப் பிறகு மனுஷன் மனைவிக்குச் சொன்ன முதல் சொல்லை நான் கெடுத்து வைத்திருக்கிறேன். பட்டியலில் 'போடி' இருந்தது, அடித்தது நான்தான். டீயைக் கீழே வைத்தேன். நோட்டை எடுத்தேன்.

"அக்கா, அவர் பேசுற மாதிரியே சொல்லுங்க. ஒரு எழுத்துகூட மாத்தாம எழுதிக்கிறேன்."

"எல்லாம் திட்டாத்தான் இருக்கும், பரவாயில்லையா? யாராவது தப்பு பண்ணாத்தான் அவருக்கு வாயே திறக்கும். சும்மா பேசுன்னா பேச வராது."

சொல்லச் சொல்ல நோட்டு நிறைந்தது. கண்ணாடியப் பாரு. கியர் என்ன கைப்பம்பா, இந்த அடி அடிக்கிற. ரோட்ட உன் மாமனாரு எழுதிக் கொடுத்தாரா. திட்டித் தீர்த்தபின் கடைசியில் எப்போதும் ஒன்று வருமாம்: பயப்படாத, பக்கத்துலதான் இருக்கேன்.

"உங்களுக்கும் கத்துக் கொடுத்தாரா?"

"ஒரே ஒரு நாள். ஒரு தெரு தாண்டுறதுக்குள்ள அவரு பக்கத்து பிரேக்க பதினோரு தடவ அமுக்குனாரு. எறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன். இப்ப இவரக் கூட்டிட்டு அலையணுமேன்னு எதிர்த்தெரு ஸ்கூல்ல சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். இவரு முறைச்சுக்கிட்டே படுத்திருந்தாரு. ஆனா மேட்டுல ஏத்துறது மட்டும் இன்னும் வரலம்மா. உங்க ஆபீஸ்ல அடித்தள பார்க்கிங்லேருந்து ஏத்தணும்ல, வாட்ச்மேன்தான் ஏத்திக் கொடுக்கிறாரு."

மறுநாள் மேலாளரிடம் போய்ப் பட்டியல் தப்பு, தப்பு என்னுடையது என்றேன்.

"சந்தைக்குப் போற பொருள்மா இது. போடின்னு பேசுற மெஷின யார் வாங்குவா?"

"அவர் பொண்டாட்டி வாங்குவாங்க சார். நீங்க மட்டும் வீட்டுல நீர் கொண்டு வருகன்னா கேக்குறீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சூட்டோடு அனுமதியும் வாங்கிவிட்டேன். போட்ட ஒற்றுகளையெல்லாம் நானே உட்கார்ந்து பிடுங்கினேன். வாத்தியாரின் சொற்களையும் சேர்த்தேன். திரையில் எழுதிக் காட்டினால் இப்போது அவர் கண்ணைத் திறந்துகொண்டு பெட்டியில் சொன்னார். 'தண்ணி' என்று பெட்டி முதலில் சொன்னபோது அக்கா கைதட்டினார். ஆனால் தானாக ஒரு வார்த்தை வரவில்லை.

மாதக் கடைசியும் வந்தது. கோட்டுப் போட்ட இருவர் எதிரில் உட்கார்ந்து, "ஐயா, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்று பதமாகக் கேட்டார்கள். வாத்தியார் அவர்களைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். இருபது நிமிடம் எல்லோரும் கடிகாரம் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மேலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "திங்கக்கிழம பெட்டிய எடுத்துக்கலாம்மா. அதுவரைக்கும் அவங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார். அவர் குரலும் நன்றாக இல்லை.

அடித்தளத்துக்கு இறங்கினோம். அன்று பார்த்து வாட்ச்மேன் லீவு. ஸ்கூலின் பழைய பயிற்சிக் கார்தான், ஓட்டுவது அக்கா. முன்னிருக்கையில் வாத்தியாரை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, கழுத்துக்குத் தலையணை கொடுத்தோம். அவர் கால்கள் வாத்தியார் பக்கத்துக்கென்று வைத்த அந்தக் கூடுதல் பிரேக் மேலேயே கிடந்தன, அமுக்கத்தான் தெம்பில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். அணைக்கவில்லை.

மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் நின்றது. கார் பின்னால் உருண்டது. அக்கா அலறியடித்துக் கை பிரேக்கை இழுத்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"எனக்கு வராது. நான் எறங்கிடுறேன்" என்று கதவில் கை வைத்தார்.

என் மடியிலிருந்து செய்தி வாசிப்பவரின் குரல் எழுந்தது.

"கண்ணாடியப் பாரு."

அக்கா திரும்பவில்லை. அடுத்த சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தன. "வண்டிய ஸ்டார்ட் பண்ணு. கிளட்ச்ச மெதுவா விடு. மெதுவா. கியர் என்ன கைப்பம்பா."

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க, நானே பதட்டத்துல இருக்கேன்" என்று வெடுக்கென்று சொன்னார் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அவர் பேசமாட்டாரா என்று ஏங்கிய மனுஷி. கதவிலிருந்த கையை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"பயப்படாத" என்றது பெட்டி. "பக்கத்துலதான் இருக்கேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சாவியைத் திருப்பினார். கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

"சத்தம் மாறுது பாரு. இப்ப கை பிரேக்க விடு."

கார் ஒரு முறை முனகிவிட்டு மேட்டில் ஏறியது. வெயிலுக்கு வந்ததும் அக்கா ஓரமாக நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"போங்க, வாத்தியாரே."

"போடி" என்றது பெட்டி.

பின்னிருக்கையில் நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பெட்டி பேசியதையெல்லாம் நேரத்தோடு பதிந்துவைக்கும். திங்கட்கிழமை மேலாளர் அந்தப் பதிவை அச்செடுத்த தாளை முதலீட்டாளர்களுக்குக் காட்டினார். பெட்டி வாத்தியாரிடமே இருக்கட்டும் என்று கையெழுத்தானது. பிறகு தாள் என் மேசைக்கு வந்தது, அறிக்கையில் சேர்க்கும் முன் பிழை பார்க்க. சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் கை வைக்காமல் திருப்பிக் கொடுத்த ஒரே தாள் அது.

இந்தச் சந்தையில் லாபம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அந்தத் தகட்டைச் செய்தவர்களுக்கும், நடுங்காத கையோடு அதை உள்ளே வைத்த டாக்டருக்கும், சிரித்து அனுமதி கொடுத்த மேலாளருக்கும் நான் மனசாரக் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லோரையும்விட வாத்தியாருக்கு. அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது அதை அவரிடமே சொன்னேன்.

"ரொம்ப நன்றி, வாத்தியாரே. என் தப்ப எனக்குக் காட்டிக் கொடுத்தீங்க."

அவர் கண் என் பக்கம் திரும்பியது.

"போம்மா" என்றது பெட்டி.

டீயோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "உனக்கும் கெடச்சிருச்சா?" என்றார்.