அலுமாரிக்குள் சலங்கைகள்

கண்டியில் என் மகளுக்கு நடனம் கற்பித்த டீச்சர், சும்மா பேசும்போதும் மடியில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். மகள் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுக்கு வந்ததும், புலமைப்பரிசில் பரீட்சைக்காக வகுப்பை நிறுத்தப்போவதாக அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சலங்கைய இங்கயே வச்சிட்டுப் போங்கம்மா. பரீட்ச முடிஞ்சு வரட்டும்" என்று அலுமாரியைத் திறந்தார். உள்ளே பெயர்ச்சீட்டு கட்டிய சலங்கைகள் பத்துப் பன்னிரண்டு சோடி இருந்தன.

"இவங்கள்லாம் எப்ப வருவாங்க டீச்சர்?"

ஒரு சோடியைத் தொட்டுச் சிரித்தார். "இந்தப் புள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சு."

மகளின் சலங்கையை வாங்கிக்கொண்டபோது அவர் விரல்கள் தாளம் போடவில்லை.

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். இப்போது வேறு டியூஷன்கள். சலங்கையைக் கேட்டு நான் இன்னும் போகவில்லை. அவர் அதைத் தூக்கிப்போட்டிருக்க மாட்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.