சாவி கையிலேயே இருக்கட்டும்

போன ஆனி மாதம் நடந்தது இது. வேப்பூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில், ஒரு டீக்கடை வாசலில், காலை நேரத்தில் என் ஸ்கூட்டர் நின்று போனது. வண்டி நிற்பதெல்லாம் ஒரு கதையா என்று நினைக்காதீர்கள். அன்று நான் போய்க்கொண்டிருந்தது பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு. எழுத வேண்டியது என் பிள்ளையல்ல, நான்!

எனக்கு ஊர் நல்லூர் பக்கம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரங்களைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் ஓர் இடம் காலியானது. பத்தாவது பாஸ் செய்தால் உனக்குத்தான் என்றார் மேனேஜர். தனித்தேர்வராக எழுதினேன். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது, கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. அதைத்தான் அன்று மறுபடி எழுதப் போனேன். இந்த முறையும் கோட்டை விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

நன்றாகத்தான் கிளம்பினேன். பாதி வழியில் என் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் லாரி ஓட்டுகிறார், அன்று லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருந்தார். டீக்கடை ஓரமாக சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் பேசினேன். "பயப்படாம எழுது" என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம். வாழ்த்துச் சொல்லி வண்டியை நிற்க வைத்த புண்ணியவான்! போனை வைத்துவிட்டு ஸ்டாண்டை எடுத்து செல்ஃபை அழுத்தினால், சத்தமே இல்லை. ஹாரன் அடிக்கிறது, இண்டிகேட்டர் எரிகிறது, இஞ்சின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

டீக்கடையில் இருந்த ஆண்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பேட்டரி என்றார். ஒருவர் பீஸ் போயிருக்கும் என்றார். இன்னொருவர் சீட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டு, ப்ளக்கைக் கழற்ற ஸ்பேனர் கேட்டார். ஆளுக்கொரு வயரை இழுக்க, எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது வந்து, ஊரூராக நின்று போய்ச் சேர்வதற்குள் தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். காலடியில் பெரிய பெட்டி. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவராம், வேப்பூரில் ஒரு மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார்.

"என்னாக்கா அழுவுறீங்க? வண்டி தொல்லையா, இவங்க தொல்லையா?"

பரீட்சை என்றேன். "யாருக்கு, புள்ளைக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தாங்க. பத்தாவது. கணக்கு" என்றதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் வண்டியிலிருந்து சாவியை உருவி, அதன் வளையத்தை என் விரலில் மாட்டிவிட்டார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். நான் ஒரு டீ சொல்றேன். அது ஆறுற வரைக்கும் உங்க வண்டிய பாக்கறேன். கிளம்பலன்னு வைங்க, என் வண்டிய எடுத்துக்கினு போயிட்டே இருங்க. நான் பஸ்ஸு புடிச்சிக்கறேன்."

என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அங்கே அவருக்காக ஒரு கல்யாணப் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள். எப்படி இவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று எனக்கு இன்றும் வியப்புத்தான். அந்த நிமிஷமே என் நெஞ்சுப் படபடப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

பிறகு வண்டிப் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கைய எடுங்கண்ணா" என்று ஒரே அதட்டல். எதையும் கழற்றவில்லை, தட்டவில்லை. என்னிடம் கேள்விதான் கேட்டார். கடைசியாக வண்டி எப்போது ஓடியது, நிறுத்தியபோது என்ன செய்தேன், நேற்று வண்டி எங்கே நின்றது. டாக்டரிடம் சொல்வதுபோல ஒன்று விடாமல் சொன்னேன். சாவியைத் திருப்பிவிட்டு மீட்டரையே உற்றுப் பார்த்தார். அதில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் பார்த்த விளக்குதான், ஆனால் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"ஸ்டாண்ட எடுத்துட்டீங்க. ஆனா ஸ்டாண்டு போட்டிருக்குதுன்னு லைட்டு எரியுதேக்கா?"

புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் இஞ்சின் கிளம்பாது. அதற்கென்று ஸ்டாண்டின் மூட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, வூடு கட்டி வச்சிருக்கீங்க?" என்றார். சுவிட்ச் இருக்கிற இடமே தெரியாமல் வெள்ளை மண் இறுகிப் போய்க் கிடந்தது.

எங்கள் செராமிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பிலோ துணியிலோ மண் பட்டால் ஈரத்தோடு துடைக்க மாட்டோம். துடைத்தால் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் தானாக உதிர்ந்துவிடும். முந்தின நாள், அச்சில் ஊற்றும் மண் கரைசல் வழிந்து கிடந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தேன். ஸ்டாண்டு அதில் புதைந்து போனது. காயட்டும் என்று அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டேன். காய்ந்தது, ஆனால் உதிரவில்லை. அதனால்தான் காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய வண்டி, இங்கே ஸ்டாண்டு போட்டு எடுத்ததும் மாட்டிக்கொண்டது.

அவர் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிச் சுரண்டினார். பின் வளைந்ததே தவிர மண் அசையவில்லை. அப்போதுதான் எனக்கும் வாய் வந்தது. காய்ந்த மண்ணைச் சுரண்டக் கூடாது, தண்ணீர் ஊற்றினால் தானாகக் கரையும் என்றேன். "அப்பிடியா? நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்று சட்டென்று என் பேச்சுக்குக் கட்டுப்பட்டார். டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் பிடித்துக் கொடுத்தார். ஷார்ட் ஆகிவிடும் என்று ஒருவர் பதறினார். "மழைல ஓடுற வண்டிதாண்ணா" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, என் வண்டிச் சாவியைத் திருப்பி ஆஃப் செய்தார். நான் ஊற்ற, மண் பொங்கிப் பொங்கி உடைந்தது. அவர் பெட்டியைத் திறந்து, மணப்பெண்ணுக்கு வைத்திருந்த பிரஷ் ஒன்றை எடுத்து மிச்ச மண்ணைத் தேய்த்தார். ஐயோ என்றேன். "பொண்ணுக்கு கன்னம் சிவக்கறதுக்கு பிரஷ்ஷா வேணும்? மாப்ளய பாத்தா போதும்" என்றார்.

சாவியைத் திருப்பினோம். விளக்கு அணைந்திருந்தது. செல்ஃபைத் தொட்டதும் வண்டி உறுமியது. சிரித்த மனிதரே எழுந்து நின்று கைதட்டினார். "கிளம்புங்க, கிளம்புங்க" என்று எல்லோரும் விரட்டாத குறை. கண் கலங்க ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பறந்தேன்.

வழியில் ஒரு வேகத்தடையில் பிரேக்கைப் பிடித்தபோதுதான் விரலில் ஏதோ கிலுங்கியது. அவருடைய வண்டிச் சாவி! இரண்டு பேருக்குமே அவசரத்தில் மறந்திருக்கிறது. திரும்பினால் பரீட்சை போச்சு. போனால், எனக்காக நின்றவரை நடுரோட்டில் நிற்க வைத்த பாவம். வண்டியை ஓரங்கட்டி நின்றேன். கணக்கை இன்னொரு முறைகூட எழுதலாம், அந்த வேலை போனால் போகட்டும் என்று அழுதுகொண்டே வண்டியைத் திருப்பினேன்.

பின்னால் வந்த பஸ் என் எதிரில் வந்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"ஏம்மா, பரீட்சைக்கு போறது நீங்கதானா? அந்தம்மா வேப்பூருக்கு பஸ்ஸுல போயிக்கிறாங்களாம். சாவி உங்க கையிலயே இருக்கட்டுமாம். திரும்பி வந்தா கெட்ட கோவம் வருமாம். எழுதிட்டு வரச் சொன்னாங்க!"

நான் திரும்புவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பூர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன், விருத்தாசலம் பஸ்ஸை நிறுத்தி எனக்குச் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்டைச் சாத்தப் போகிற நேரத்தில் உள்ளே ஓடினேன். பயப்படாமல் எழுதினேன்.

மதியம் டீக்கடைக்குத் திரும்பினால், அவர் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாவியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அத வுடுங்க, கணக்கு எப்பிடி?" என்றார். நான் தலையாட்டியதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சி, என்னைப் பெற்றவர்கள் முகத்தில்கூட நான் பார்க்காதது.

பாஸ் செய்துவிட்டேன். இப்போது அந்தச் சோதிக்கும் பிரிவில்தான் இருக்கிறேன். என்னிடம் யாராவது பதறிக்கொண்டு வந்தால், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், அவர்கள் பயத்தை இறக்கி வைக்க என் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.