ஆளுக்கேற்ற ஸ்டீரிங்

ஸ்பேனரின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை ஸ்டீரிங் தண்டின் மேல் ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்வார் அருணகிரி. வண்டிக்காரர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்ற சேதி பல் வழியாகத் தலைக்குள் ஏறும் வரை யாரும் பேசக் கூடாது. பேசினால் ஓர் உறுமல் வரும்.

வட ஆர்க்காட்டுக்காரர். பட்டாளத்தோடு இராக்கின் பாஸ்ரா போய் லாரி ஓட்டியவர். உலகச் சண்டை முடிந்து கல்கத்தாவில் கப்பல் இறங்கினார். ஊருக்கு ரயில் ஏறவில்லை. டாலிகஞ்ச் டிராம் முனைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட லாரிகளைத் திரும்ப ரோட்டில் ஏற்றுகிறார். கிரீஸ் கையைக் கடுகெண்ணெய் தேய்த்துக் கழுவுவார். அதே கடுகெண்ணெயைப் பொரியில் பிசைந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டால் மத்தியானச் சாப்பாடு முடிந்தது. "சோறு தின்னா தூக்கம் வரும். தூங்கிக்கிட்டே மாட்டுன நட்டு, ரோட்டுல போய் எந்திரிச்சுக்கும்" என்பார்.

ஒரு விஷயத்தில் பிடிவாதம் உண்டு. ஸ்டீரிங் தண்டின் சாய்வை ஓட்டுகிறவரின் உடம்புக்குத்தான் வைப்பார். அடியிலுள்ள பல்சக்கரப் பெட்டிக்குக் கீழே இரும்புத் தகடுகளைச் சொருகினால் தண்டு ஓட்டுகிறவர் பக்கம் சாயும், உருவினால் நிமிர்ந்து விலகும். "சட்டை தைக்கிறவன் ஆளைப் பாக்காம தைப்பானா?" பழக்கப்பட்ட டிரைவர் என்றால் ஆளே வர வேண்டாம். அளவு அவர் கையிலேயே இருக்கும்.

பஞ்சாபகேசன் அப்படிப் பழக்கமானவர். கப்பல் கம்பெனி குமாஸ்தா உத்தியோகத்தை விட்டுவிட்டு லாரி வாங்கி, கிதர்பூர் துறையிலிருந்து பவானிபூர் மதராஸ்காரர் கடைகளுக்கு அரிசியும் புளியும் ஏற்றியவர். குள்ளம், நல்ல தொந்தி, குட்டைக் கை. போன மாதம் டைபாய்டில் போய்விட்டார். ஸ்டீரிங் தண்டு விண்டுபோன லாரி வீட்டு வாசலிலேயே நின்றது.

"ஓடறதுன்னா ஓட்டு. இல்லேன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துடு. அதைப் பாத்துண்டு என்னால உக்காந்திருக்க முடியாதுடா" என்று மகனிடம் சொன்னாள் அவர் மனைவி பாகீரதி. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வாஞ்சிநாதனால் அப்பாவின் லாரியை எடைக்குப் போட முடியவில்லை. ஷிப்பூர் காலேஜில் இன்ஜினியரிங் படித்தவன், சணல் மில்லில் வரைபடம் போடுகிறவன். மில்லை விட்டுவிட்டுத் தானே ஓட்டுவது என்று தீர்மானித்தான். மில் லாரியில் ஓட்டிப் பழகியிருந்தான். அப்பாவின் லாரியில் உட்கார்ந்து ஓட்டியதில்லை.

சித்பூர் பழைய சாமான் கடையில் அதே ஜாதி லாரியின் தண்டு ஒன்று பெட்டியோடு கிடைத்தது. லாரியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி டாலிகஞ்சுக்கு இழுத்து வந்தார்கள். வாங்கி வந்த தண்டின் மேல் ஸ்பேனரை ஊன்றிக் கடித்துச் சேதி கேட்டார் அருணகிரி.

"நடுவுல ஆட்டம். வண்டி நேரா போறப்ப கடிக்கிற பல்லுதான் தேயும், சின்ன ஐயிரே. உழைக்கிறது அதானே."

"பல்சக்கரத்தைக் கால் சுத்து திருப்பிப் போட்டா என்ன மிஸ்திரி? அந்தப் பக்கத்துப் பல்லு புதுசாத்தானே இருக்கும்?"

"போட்டுட்டாப் போச்சு. நீ படிச்சதுக்கு ஸ்பேனர் பிடி, வா."

இரண்டு பேருமாகப் பெட்டியைத் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, பல்சக்கரத்தைத் திருப்பிப் பூட்டினார்கள். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் பித்தளையில் புதிது கடைந்து போட்டார் அருணகிரி. "ஆஸ்தே, மெதுவா, ஆஸ்தே" என்று தண்டைத் தாஜா செய்து இறக்கினார். பார்க்காமலே குவியலில் கைவிட்டுத் தகடுகளை எடுத்தார், சொருகினார், முடுக்கினார்.

"ஏறிப் பாரு."

வாஞ்சிநாதன் ஏறினான். உயரமானவன். முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கில் இடித்தன. வட்டம் மார்புக்கு வெகு அருகில் நின்றது. வலப்பக்கம் முழுவதும் ஒடிக்க முழங்கை இடம் கொடுக்கவில்லை.

அருணகிரி பார்த்தார். தகடுகளைப் பார்த்தார். துணியை எடுத்துத் ஏற்கெனவே துடைத்திருந்த கையை மறுபடி துடைத்தார்.

"பெரிய ஐயிரு அளவுல போட்டுட்டேன்" என்றார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எவ்வளவோ பேசிவிட்டார்கள். வீட்டிலும் அப்பாவை 'இருந்தார்' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். இந்த மனிதர் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. ஆனால் அவர் கைக்கு மட்டும் அப்பா இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வாஞ்சிநாதன் ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்தான். அப்பா வயிறு இருந்த இடம், அப்பா கை இருந்த தூரம்.

"இப்படியே இருக்கட்டும் மிஸ்திரி. நான் ஓட்டிப்பேன்."

"எப்படி ஓட்டுவ? சந்துல மாடு குறுக்க வந்தா முட்டியை எங்க வெப்ப? கழட்டித் தலையில வெச்சுக்குவியா?"

"அப்பா..."

"அவரு கெட்டிக்காரரு. இதைப் பார்த்திருந்தா என்னைத்தான் வைவாரு. இறங்கு."

அவன் படித்த படிப்பும் அதையேதான் சொன்னது. இறங்கினான். அருணகிரி மல்லாந்து அடியில் நுழைந்து நட்டுகளைத் தளர்த்தினார். தகடுகளை ஒவ்வொன்றாக உருவினார். வெளியே வந்து, அவன் கையை நீட்டச் சொல்லி, தோளிலிருந்து முஷ்டி வரை சாண் போட்டார். மறுபடியும் அடியில் போனார். இந்தத் தடவை அவன் ஏறியபோது முழங்கால் இடிக்கவில்லை. ஸ்டீரிங் சொன்ன பக்கம் சொன்னபடி திரும்பியது.

இன்ஜினைக் கைப்பிடி சுற்றிக் கிளப்பிவிட்டு, அருணகிரி கொட்டகையை விட்டு வெளியே நடந்தார். சந்தின் நடுவில், லாரி தன்மேல் இடிக்காமல் ஒடித்துத்தான் போயாக வேண்டிய இடத்தில், முதுகைக் காட்டி நின்றுகொண்டார். திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, 'வா' என்று ஆட்டினார்.