கண் ஓடிய இடம்

ஏழுமலை சார் போய்விட்ட செய்தி, காலை பிரேயரில் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தபோது வந்தது. திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நெடுஞ்சாலையைக் கடந்தவரை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. விழுப்புரத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். அன்றைக்கும் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

எங்கள் பள்ளியில் அவரும் நானும் தமிழாசிரியர்கள். ஆண்டு மலரில் ‘நம் பள்ளி: ஒரு கண்ணோட்டம்’ என்று நான் தலைப்பு வைத்தபோது சிரிக்காமல் கேட்டார்: “இன்னா சார், ஸ்கூல் மேல எரக்கப்பட்டு எழுதியிருக்கீங்களா?” பார்க்கும் விதம் என்ற பொருள் அந்தச் சொல்லில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. பழந்தமிழில் கண்ணோட்டம் என்றால் இரக்கம். “கண்ணு ஓடிப் போயி ஒருத்தர் மூஞ்சில நிக்குது. அப்பறம் அவங்கள உட்டுட்டு நகர முடியாது. அதான் சார் கண்ணோட்டம்” என்பார். தலைப்பை மாற்றும்வரை என்னை விடவில்லை.

சொல்லோடு நின்றிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போய் வகுப்புக்கு வராத ஒரு பெண்ணை நீக்கக் கூட்டம் போட்டார்கள். “நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தால்” என்று தலைமையாசிரியர் தொடங்கியதுமே இவர் எழுந்துவிட்டார்.

“அந்தப் புள்ள வெளியதான் நின்னுக்கினு இருக்குது. கூப்ட்டு, மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெண் டீசி வாங்கிக்கொண்டு போனாள். அதன்பின் ஸ்டாஃப் ரூமில் அவரோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

சுடுகாட்டில், முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று வழக்கமாகக் கொடுக்கும் குரலை யாரும் கொடுக்கவில்லை. துணியை விலக்கிக் காட்டும் நிலையில் முகம் இல்லை.

ஓரமாக ஓர் அம்மா நின்றிருந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசம் கிராமத்துக்காரர், கூலி வேலை செய்கிறவர். எல்லா வண்டியும் ஒதுங்கி ஒதுங்கிப் போக, இவர் ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை சாரின் தலையை மடியில் வைத்திருந்தாராம். தெரிந்தவரா என்று கேட்டேன்.

“யாருன்னே தெரியாதுங்க. பாத்துட்டேன். பாத்துட்டு எப்டிங்க போறது?”

“அவரு ஒங்களப் பாத்தாராம்மா?”

“இல்லீங்க. கண்ணே தொறக்கல.”

நண்பர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். பிறருக்காக அவர் கேட்டுக்கொண்டே இருந்தது கடைசியில் அவருக்கே கிடைத்தது. கிடைத்தது அவருக்குத் தெரியாது. அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.