காதுக்குள் அமைதி, பின்னால் நாய்

இரத்த அழுத்தம் குறையச் சைக்கிள் வாங்கினேன். மனம் அடங்க இயர்போன் மாட்டினேன். ஒரு காலை, கூலாய் ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் கறுப்பு நாயொன்று என் கெண்டைக்காலைக் குறிவைத்துப் பாய்ந்து வந்தது. கைப்பிடியை விட்டால் விழுவேன். விடாமல் இயர்போனைக் கழற்ற முடியாது. அதிலிருந்த தியானப் பெண்குரல், "மூச்சை மெதுவாக இழுங்கள்" என்றது. இழுக்க மூச்சு எங்கே இருந்தது? குரைப்பு கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கத் தைரியமும் இல்லை. குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே மிதித்தேன்.

மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்தவர், இயர்போனையும் மீறிக் கேட்கும்படி கத்தினார்: "அண்ணே, நாய் அப்பவே திரும்பிப் போயிருச்சு லா. நீங்க யாரத் தொரத்துறீங்க?"

நிறுத்தினேன். சைக்கிளைக் கீழே போட்டேன். அப்படியே புல்லில் உட்கார்ந்தேன்.

"இப்போது உங்கள் உடல் முழுவதும் தளர்ந்துவிட்டது" என்றது காதுக்குள் குரல். அது என்னவோ உண்மைதான்.